பிளாஸ்க் நிற்கும் இடம்

1986, தவக்காலத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மாலை நாலேகால் மணி. மலேசியாவில், ஈப்போ நகரத்து வீட்டின் முன்னறையில், கிழவர் மத்தியாஸ் மடியில் கீபோர்டுடன் சக்கர நாற்காலியில் இருக்கிறார். பக்கவாதத்துக்குப் பின் பேச்சு இல்லை. தலை எதற்கும் ஆடிக்கொண்டே இருக்கிறது. எஸ்டேட் அலுவலகத்தில் கிராணியாகத் தட்டச்சு அடித்த விரல்களில் ஒன்றுதான் மிச்சம். மகன் சூசை வாங்கிவந்த கம்ப்யூட்டர்தான் அவருக்கு வாய். கீபோர்டுக்கு ஒயர் கிடையாது. சில நாள் திரையில் எழுத்து விழுகிறது, சில நாள் விழுவதில்லை. “அடிக்கடி ரோசாக்லா, கெட்டுப்போவுது,” என்று சூசை மறுபடியும் பேட்டரி மாற்றித் தருகிறான். அவர் அடிக்கிறார். எழுத்து விழுகிறது.

மருமகள் பியாட்ரிஸ் பிளாஸ்க்கைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறாள். “மாமாவுக்குக் கோப்பி.” வைத்தபின் இரண்டு விரலால் மெல்லத் தள்ளுகிறாள். கம்ப்யூட்டர் முகப்பிலுள்ள சிறிய கறுப்புக் கண்ணாடி முழுதாக மறைந்ததும் விரலை எடுக்கிறாள். அவர் அடித்துப் பார்க்கிறார். ஒன்றும் விழவில்லை. அந்தக் கண்ணாடி வழியாகத்தான் எழுத்து போகிறது என்று அவருக்கு இப்போதுதான் புரிகிறது. அவளுக்கு எப்போதோ புரிந்திருக்கிறது. அவள் குனிந்து அவர் கடைவாயைத் துடைத்துவிடுகிறாள்.

சூசை முதுகைக் காட்டிக்கொண்டு திரையையே பார்க்கிறான். “திங்கக்கிழமை, பத்து காஜா டவுன்ல இருக்கிற முதியோர் இல்லத்து வேன் வருதுப்பா. போக இஷ்டமில்லன்னா ‘நோ’ன்னு அடிங்க, போதும்.”

அவர் அடிக்கிறார். திரும்பத் திரும்ப அடிக்கிறார். ரப்பர் விசைகள் ஓசை எழுப்புவதில்லை. திரையில் பச்சைக் கோடு ஒன்று மட்டும் மின்னி மறைகிறது.

“கீபோர்டு இப்ப நல்லாத்தானே இருக்கு. அப்ப உங்களுக்குச் சம்மதந்தானேப்பா?”