சாடியில் இருந்த காளை

கிரேக்க நாட்டில் ஒரு பலிபீடத்தின் முன்னால் காளை ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சாடியிலும் ஒரு காளையை வரைந்திருந்தார்கள். அதன் முன்னாலும் பலிபீடம், பக்கத்தில் கத்தியை ஒளித்து வைத்த கூடை.

"உங்களை எப்போது வெட்டுவார்கள், அண்ணே?" என்றது உயிருள்ள காளை.

"பல வருஷமாக நிற்கிறேன் தம்பி. மாலை போட்டார்கள், குழல் ஊதுகிறார்கள். கத்தி மட்டும் அந்தக் கூடையை விட்டு வெளியே வரவேயில்லை. பயப்படாதே."

"நானும் தலையாட்டப் போவதில்லை. சம்மதம் இல்லாமல் வெட்டமாட்டார்களாமே!"

பூசாரி சாடியைத் தூக்கி உயிருள்ள காளையின் தலையில் தண்ணீரை ஊற்றினார். சில்லென்றதும் காளை தலையைச் சிலுப்பியது.

"சம்மதித்துவிட்டது!" என்று கூட்டம் ஆரவாரித்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் சாடியைப் பழைய இடத்தில் வைத்தார்கள்.

"பார்த்தாயா தம்பி, கத்தி இன்னும் கூடைக்குள்தான் இருக்கிறது" என்றது சாடிக் காளை.

பக்கத்தில் காளை நின்ற இடம் காலியாக இருந்தது.