கண்ணாடிக்கு வச்ச சூடு

டெலஸ்கோப்புக்காக ஒரு வருஷமா நானே கையால தேய்ச்ச கண்ணாடிங்க அது. ராத்திரி மொட்டைமாடியில வச்சா கொஞ்ச நேரத்துலயே பனி படிஞ்சு மங்கிரும்.

வீட்டுக்காரர்தான் கண்ணாடிக்குப் பின்னால ஒட்டுற மாதிரி ஒரு குட்டி ஹீட்டர் செஞ்சு குடுத்தார். "சூடு நானே செட் பண்ணியிருக்கேன். நீ கை வச்சுராத"ன்னார்.

பனி நின்னுச்சு. ஆனா நட்சத்திரம் ஒண்ணுகூட நிலையா தெரியல. தண்ணிக்கு அடியில கிடக்குற மாதிரி நெளிஞ்சுது.

"நீ தேய்ச்சது சரியில்லம்மா. எல்லாருக்கும் எல்லாம் வந்துருமா? தூக்கிப் போட்டுட்டு நேரத்தோட கீழ வந்து படு"ன்னு ஆறுதல் சொன்னார்.

அழுது முடிச்சு, டெலஸ்கோப்பைக் கண்ணாடி, ஹீட்டரோட எங்க வானம் பாக்குற கிளப்புக்கே குடுத்துரலாம்னு கொண்டுபோனேன்.

கிளப் தலைவர் ஹீட்டரைப் போட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் அணைச்சு, ஆறவிட்டு, சாயங்கால நிலாவைப் பார்த்தார். பார்த்ததும் கத்திட்டார்.

"அக்கா, கண்ணாடி அம்சமா இருக்கு! உங்க ஹீட்டர்தான் இஸ்திரிப் பெட்டியா கொதிக்குது. சூடு காத்து மேல கிளம்புனா எல்லாம் நெளியத்தான் செய்யும். வெளிக்காத்தைவிட துளி சூடு கூட இருந்தா போதும்."

ஹீட்டர் வீட்டுக்காரர் செஞ்சு குடுத்ததுன்னேன். "மாமா குளிர் காயச் செஞ்சிருப்பார் போல!"ன்னு ஒருத்தன் சொல்ல, எல்லாரும் சிரிச்சாங்க.

"சும்மா இருங்கப்பா. பாவம், இந்த டிகிரிக் கணக்கெல்லாம் அவருக்கு எங்க தெரியப்போவுது?"ன்னார் தலைவர்.

எனக்குச் சிரிப்பு வரல.

ஆஸ்பத்திரியில குறைமாசக் குழந்தைங்களை வைக்கிற பெட்டிக்கு அரை டிகிரி பிசகாம சூடு வைக்கிறதுதாங்க என் வீட்டுக்காரருக்கு வேலையே.