உள்ளே விட்ட துணி

“ஒரு பக்கம் சண்டை, ஒரு பக்கம் வெள்ளம். இந்த உலகம் உருப்படவே உருப்படாது!” செல்போனில் செய்தி பார்த்துவிட்டுப் புலம்பினார் தையல்காரர்.

கடைக்கு வந்த மனைவி, தன் சட்டையை மிஷின்மேல் வைத்தாள்.

“ஏங்க, இது இறுக்குது. கொஞ்சம் பிரிச்சு விடுங்களேன்.”

“போன மாசம்தானே தைச்சேன்! என் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுறியா?”

அவள் சிரிக்கவில்லை.

“சரி, எவ்வளவு விடணும்?”

“இப்போதைக்கு ஒரு விரல். அப்புறம்... மாசாமாசம் இன்னும் கொஞ்சம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“கோவமா? இந்த உலகத்துல பிள்ளை பெத்துக்கறதே பாவம்னு சொல்வீங்களே. அதான் சொல்லப் பயமா இருந்துச்சு.”

அவர் சட்டையை உள்பக்கமாகத் திருப்பிக் காட்டினார். இரண்டு ஓரத் தையல்களிலும் துணி தாராளமாக மடிந்து கிடந்தது.

“ஊருக்கெல்லாம் ஒரு விரல் துணிதான் உள்ளே விடுவேன். உனக்கு மட்டும் கல்யாணமான நாள்லேருந்து நாலு விரல். என்னிக்காவது பிரிக்க வேண்டி வரும்ல?”

“அப்போ இத்தனை நாள் பேசின பேச்செல்லாம்?”

“அது வாய் பேசினது” என்றபடி பிளேடை எடுத்தார். “கை என்னிக்கு அது பேச்சைக் கேட்டுச்சு?”