நான்கு சொல் தாய்மொழி

கெர்ட் ஸ்வார்ட்ஸ் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வெடுக்கென்று இழுத்தார். சத்தம் வரவில்லை. எச்சில்தான் புதுச் சட்டையில் தெறித்தது.

"அப்படி இல்லய்யா. பாட்டில் மூடியைப் பிடுங்கற மாதிரி வரணும்," என்றாள் நோசிபோ.

நகர மண்டபத்தின் பின்புறம், தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நின்றிருந்தார்கள். அமைச்சர் வர இன்னும் பத்து நிமிடம். பாரம்பரிய தின விழா நிரலில் மூன்றாவது வரி இப்படி இருந்தது: 'மண்ணின் மைந்தர் திரு. ஸ்வார்ட்ஸ், தேசியச் சின்னத்தின் வாசகத்தைத் தம் தாய்மொழியில் வாசிப்பார்.'

நகராட்சியின் பண்பாட்டு அலுவலர் என்ற முறையில் அந்த வரியைத் தட்டச்சு செய்தவள் நோசிபோதான். மைந்தருக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"வீட்டுல யாருமே பேசலையா?"

"எங்கம்மா ஆஃப்ரிகான்ஸ்லதான் திட்டும். அதோட அம்மாவும் அதுலதான். வெள்ளைக்காரப் பண்ணை முதலாளி திட்டினதும் அவன் பாஷையான அதுலயேதான். வேற பாஷைல திட்டு வாங்கற பாக்கியம் எங்களுக்குக் கிடைக்கல."

கெர்ட்டின் முன்னோர் மொழியைக் கடைசியாகப் பேசியவர்கள் செத்து நூறு வருடம் ஆகிறது. அதற்கப்புறம்தான் தென்னாப்பிரிக்க அரசுக்கு அதன்மேல் பிரியம் வந்தது. 'வேறுபட்ட மக்கள் ஒன்றுகூடுகிறார்கள்' என்று பொருள்படும் நான்கு சொற்களைச் சின்னத்தின் அடியில் பொறித்தார்கள். காவல் நிலையச் சுவரில் கூட இருக்கிறது. வாய்விட்டுப் படித்தவர்தான் ஊரில் யாரும் இல்லை.

கெர்ட் காற்றாடிப் பம்பு பழுது பார்ப்பவர். மேடை ஆசை அவருக்குக் கிடையாது. எல்லாம் அக்கா லேனாவின் யோசனை.

அவர்களுடைய முன்னோரைப் புதைத்த குன்று ஒரு ஆட்டுப் பண்ணைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. வேலிக் கதவுக்குப் பதினோரு வருடமாகப் பூட்டு. அதைத் திறக்கச் சொல்லி அரசுக்கு மனு போட்டார்கள். 'உங்கள் இனத்தின் மொழி?' என்ற கட்டத்தில் உண்மையை எழுதினார்கள்: ஆஃப்ரிகான்ஸ்.

தனி இனம் என்பதற்கு ஆதாரம் போதாது என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தின் தலைப்பில், சின்னத்தின் அடியில், அதே நான்கு சொற்கள்.

"அமைச்சர் முன்னாடி அதைப் படிச்சுக் காட்டுடா. அப்புறம் எந்தப் பய ஆதாரம் கேக்கறான்னு பாப்போம்," என்றிருந்தாள் லேனா.

இப்போது கெர்ட் வாயைத் துடைத்துக்கொண்டார். "உனக்கு மட்டும் எப்படிம்மா இவ்வளவு சுளுவா வருது?"

நோசிபோ ஹோசா மொழி பேசும் இனத்தவள். அந்த நான்கு சொற்களில் வரும் நாக்குச் சொடக்கு மூன்றும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "எங்க பாஷைல ஆதில இது இல்லியாம்யா. எங்க ஆளுங்க மாடு குடுத்து உங்க வீட்டுல பொண்ணு எடுத்தாங்க. பொண்ணோட சொடக்கும் வந்து சேர்ந்துச்சு."

"நல்லா வாங்கி வச்சுக்கிட்டீங்க. கொஞ்சம் திருப்பிக் குடு."

கொடுத்தாள். ஒன்று 'அடப்பாவமே' என்று உச்சுக்கொட்டுவது போல. ஒன்று குதிரையை விரட்டுவது போல. ஒன்று பாட்டில் மூடி. மூன்றும் சேர்ந்து வரும் ஹோசா வாக்கியம் ஒன்றையும் பயிற்சிக்குக் கொடுத்தாள். அர்த்தம் கேட்க நேரமில்லை. முப்பது தடவை சொன்னார். முப்பத்தோராவது தடவையில் சைரன் கேட்டது.

மேடையில் நான்கு சொற்களும் மணியாக விழுந்தன. மண்டபம் கைதட்டியது. லேனா முன்வரிசையில் மூக்கைச் சிந்தினாள்.

வாசலில் பூச்செண்டோடு சேர்த்து லேனா திணித்த மனு அமைச்சரின் மடியில் இருந்தது. அவர் ஒலிவாங்கிப் பக்கம் சாய்ந்தார். "அருமை. உங்க மொழியில இன்னும் ஒரு வாக்கியம் சொல்லுங்களேன்."

திரை ஓரத்தில் நோசிபோ கண்ணை மூடிக்கொண்டாள்.

கெர்ட் தொண்டையைச் செருமினார். குன்று இருக்கும் திசையில் கையை நீட்டினார். பயிற்சி வாக்கியத்தைப் பிசிறில்லாமல் எடுத்துவிட்டார்.

கடைசி வரிசையில் இரண்டு ஹோசா போலீஸ்காரர்கள் ஒரே சமயத்தில் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார்கள்.

அமைச்சர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லிடறேன்," என்றார். "எங்க முன்னோர் படுத்திருக்கற குன்றோட கதவைத் திறந்து விடுங்கன்னு கேக்கறாரு."

மண்டபம் முழுக்கத் திரும்பி, நடு வரிசையில் உட்கார்ந்திருந்த ஆட்டுப் பண்ணை முதலாளியைப் பார்த்தது. அவருக்குக் காது மடல் சிவந்தது.

"சாவி வண்டிலதான் இருக்கு."

"எடுத்துட்டு வாங்க. நாங்க இங்கயே இருக்கோம்."

விழா முடிந்து எல்லாரும் போன பிறகு, சாவியை உள்ளங்கையில் இறுக்கியபடி கெர்ட் நோசிபோவைத் தேடி வந்தார்.

"நான் சொன்னது நெஜமாவே அதுதானா?"

"இல்லய்யா. 'தவளை ஒரு தொப்பி கேக்குது.' அதான் நீங்க சொன்னது."

கெர்ட் அவசரமாகச் சுற்றுமுற்றும் பார்த்தார். சாவியைச் சட்டைப் பையின் அடியில் போட்டுக்கொண்டார். "நல்லவேளை. அமைச்சருக்கு உங்க பாஷை தெரியாமப் போச்சு."

அமைச்சரின் வண்டி போன புழுதி இன்னும் அடங்கவில்லை. நோசிபோ அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு எங்க பக்கத்து ஊருய்யா. எங்கம்மாவும் அவங்கம்மாவும் சர்ச்ல ஒண்ணாப் பாடறவங்க."