இன்னொரு தடவை அணைங்க

ஆளில்லாத இடத்தில் வைஃபை பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தால் எனக்கு ஆகாது. போகிற வருகிறபோது டப்பென்று அணைப்பேன், திட்டு விழுந்தால் போடுவேன். அன்றைக்கும் அணைத்துப் போட்டேன். மருமகள் பெனிட்டா உள்ளேயிருந்து கத்தினாள். அவள் கம்ப்யூட்டர் செத்துவிட்டதாம். திட்டப்போகிறாள் என்று நின்றால், ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, இன்னொரு தடவை அணைங்க!"

அணைத்துப் போட்டேன். மறுபடி செத்தது. அவள் குதித்தாள்.

"காலி பண்ணின வீட்டுக்குள்ள பழைய ஆள் பூந்து சாமான் வைக்கிற மாதிரி, நெட் அறுந்ததும் எங்க ஆபீஸ் புரோகிராம் விட்டுக்கொடுத்த மெமரியில போய் எழுதுது மாமா. திருடனுக்கு அதான் வழி. சொன்னா ஆபீஸ்ல ஒருத்தரும் நம்பலை. இன்னைக்குக் காட்டலைன்னா இப்படியே ஊருக்கெல்லாம் அனுப்பிடுவாங்க."

"அந்தப் பெட்டி அயோக்கியன்னு நான் அப்பவே சொல்லலை?"

"பெட்டி இல்ல மாமா, கம்ப்யூட்டர்."

"ரெண்டும் கூட்டு."

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வைஃபை இல்லாமலே ஓடுகிற செல்போன் நெட்டில் ஆபீஸ்காரர்களை வீடியோவில் கூப்பிட்டு, கம்ப்யூட்டரைக் காட்டினாள். ஒருத்தன் முகத்திலும் நம்பிக்கை இல்லை. எனக்கும் அவன்களைப் பிடிக்கவில்லை.

"இப்ப, மாமா."

சுவிட்சில் விரலை வைத்தேன். ஒரு சாமான் கெட்டுப்போகணும் ஆண்டவரே என்று நான் ஜெபம் பண்ணினது அதுதான் முதல் தடவை.