வீடு ‘அ’

“இந்த வீட்டை வீடு ‘அ’ என்று குறிப்பிடுகிறேன்” என்று கெசியா வாசிக்கத் தொடங்கியபோது ஹரிணி பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சமூகவியல், மூன்றாம் ஆண்டு. கள ஆய்வை வகுப்பில் வாசிக்க ஆளுக்குப் பத்து நிமிடம். சிப்காட் வாசலில் காத்து நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி பிரேம்குமார் அப்போதுதான் வாசித்து உட்கார்ந்திருந்தான். கெசியாவின் தலைப்பு, ஒரு வீட்டின் சொல்லப்படாத விதிகள்.

ஆய்வு முறைப்படி பெயரையும் தெருவையும் மாற்றியிருந்தாள்.

ஆனால் அந்த வீட்டு வாசற்படியில் பச்சை டைல்ஸ் இருந்தது. கம்பெனியில் கொடுத்த சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடியது.

பேனா மூடி ஹரிணியின் பல்லிடையே நின்றது.

அது அவள் வீடு.

கல்லூரி நாலு மணிக்கு விடும். தொரப்பள்ளி தாண்டி கெசியாவின் காலனி வரைக்கும் போகும் பஸ் ஆறரைக்குத்தான். முதல் வருடம் ஒரு மழை நாளில் ஹரிணிதான் கெசியாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பிறகு அந்த இரண்டரை மணி நேரமும் தினம் ஹரிணி வீட்டு ஹாலில், டீயும் முறுக்குமாக.

“வீடு ‘அ’வில் எல்லோரும் எவர்சில்வர் டம்ளரில் குடிக்கிறார்கள்” என்று கெசியா வாசித்தாள். “எனக்கு மட்டும் பீங்கான் கப். வெள்ளை, மஞ்சள் பூப் போட்டது. விருந்தாளிக்கென்று வாங்கியது என நினைத்தேன். மற்ற விருந்தாளிகள் வந்தபோது அவர்களுக்கும் டம்ளர்தான்.”

கெசியா தாளைத் திருப்பினாள்.

“அந்தக் கப் சமையலறை அலமாரியில் இருக்காது. பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்கு மேலே ஜன்னல் திட்டில் இருக்கும். போன ஆடி மாதம் ஒருநாள், பாத்திரம் தேய்க்க வந்த பெண்ணிடம் வீட்டம்மா தெலுங்கில் சொன்னார், அந்தக் கப்பைத் தனியாகக் கழுவி வெளியே வை என்று. எனக்குத் தெலுங்கு தெரியாது என்று நினைத்திருக்கலாம். என் அம்மா பேக்கிங் பிரிவில் பதினோரு வருடமாகத் தெலுங்குப் பெண்களோடு நிற்கிறார். எங்கள் வீட்டில் சண்டையே தெலுங்கில்தான்.”

இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஹரிணிக்குக் காது சுட்டது. தெலுங்கு தெரியும் என்று இவள் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவும் ஹரிணியும் அந்த ஹாலில் தெலுங்கில் பேசியபோதெல்லாம் இவள் முறுக்கைக் கடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் அம்மை போட்டுக் கிடந்த பத்து நாளும் இவளுக்காக நோட்ஸ் எழுதியது யார்? தன் அக்கா கல்யாணம் நின்றுபோனதை வேறு யாரிடமும் சொல்லாமல் இவளிடம் சொன்னது யார்? அதுவும் அடுத்த பக்கத்தில் வருமோ?

வரவில்லை.

பின்பெஞ்சிலிருந்து பிரேம்குமார் எட்டிக் கேட்டான். “ஏய், யாரு ஊடு அது? ஒனக்குத் தெரியாமயா? ரெண்டு பேரும் ஒட்டிக்கினேதான சுத்துறீங்க.”

ஹரிணி தெரியாதென்று தலையாட்டினாள்.

உள்ளே ஒரு வாக்கியம் தயாராகிக்கொண்டிருந்தது. எங்க ஊட்டு டீயக் குடிச்சிட்டு எங்களையே எழுதிட்டியேடி. மணி அடித்ததும் மாடிப்படி ஓரம் நிறுத்திக் கேட்டுவிட வேண்டும். இனி ஆறரை வரைக்கும் பஸ் ஸ்டாண்டிலேயே உட்காரட்டும்.

கெசியா கடைசித் தாளுக்கு வந்திருந்தாள்.

“இந்த வீட்டில் என் வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கப் ஏன் தனி என்பது அவளுக்குத் தெரியாது.”

ராஜலட்சுமி மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “நல்லாப் பண்ணியிருக்கம்மா. அந்தக் கடைசி வரிதான் இடிக்குது. அந்தப் பொண்ணக் கேட்டியா?”

“இல்லீங்க மேம்.”

“கேக்காம எப்படி எழுதுவ? ஆதாரம் வேணும்ல?”

கெசியா தாளிலிருந்து நிமிர்ந்தாள். ஹரிணி உட்கார்ந்திருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை. திரும்பினால் வகுப்பே கண்டுபிடித்துவிடும்.

“அவள எனக்குத் தெரியும் மேம். தெரிஞ்சிருந்தா அந்தக் கப்ப அன்னிக்கே ஒடச்சிருப்பா.”

மேடம் அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டார்.

முதல் வருடம், மழை பெய்த அந்த வாரம் சனிக்கிழமை, பாகலூர் ரோட்டுப் பாத்திரக் கடை. அந்தப் பொண்ணு வர்றதுன்னா வரட்டும், நம்ம சாமானோட கலக்காம ஒண்ணு பாத்து எடு என்று அம்மா சொல்லியிருந்தாள். அம்மா எடுத்தது ஒரு பிளாஸ்டிக் டம்ளர். ஹரிணி அதைத் திரும்ப அடுக்கில் வைத்தாள். அழகாக இருந்தால் சந்தேகம் வராது என்று மஞ்சள் பூப் போட்டதை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து, அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் சுரண்டினாள். பசை போகவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள், திங்கட்கிழமை கெசியா வருவதற்குள்.