ஏறக் கூடாதவள்

ரோலர் கோஸ்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவளுக்கு முகம் மறக்காது. வந்தவளைக் கண்டதும் கையை நீட்டி மறித்தாள்.

“மறுபடியும் வந்துட்டியா? பிள்ளைத்தாச்சி இதுல ஏறக் கூடாதுன்னு போன மாசமே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

போன மாதம் வெட்கச் சிரிப்போடு, புருஷனின் செருப்புக்குக் காவலாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் இன்று தனியாக வந்திருந்தாள். சிரிக்கவில்லை.

“இப்ப ஏறலாம்க்கா.”

டிக்கெட்காரியின் கை தானாகத் தாழ்ந்தது.

“அய்யோ! வீட்டுல படுத்து ரெஸ்ட் எடுக்காம இங்க எதுக்கும்மா வந்தே?”

“வீட்டுல வாயைத் திறந்தாலே, ‘அழாதே, அடுத்தது தங்கும்’னு அடக்கிடறாங்கக்கா. இங்கதான் எவ்வளவு கத்தினாலும் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.”